பேத்தியின் கொடி இரத்தமும் என் ஐஸ் தொட்டியும்

மன்னார்த் தீவில் எனக்கு ஐஸைப் பற்றிச் சொல்லித் தர ஒருவரும் இருந்ததில்லை. நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பள்ளிமுனைக் கரையில் ஐஸ் உடைக்கப் போனவன் நான். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி, மரச் சுத்தியலால் அடித்து நொறுக்கி, பெட்டிக்குள் ஒரு வரி ஐஸ், ஒரு வரி மீன் என்று அடுக்க வேண்டும். விரல்கள் மரத்து, பிறகு எரியும். அப்படி உடைத்த கையால்தான் பிறகு சொந்தமாக ஐஸ் போட்டேன். தொட்டி, மெசின், ஜெனரேற்றர், இரண்டு லொறி எல்லாம் நானாகத் தேடியவை. தகப்பன் விட்டுப் போனது ஒரு கிழிந்த வலை; அதையும் சித்தப்பா கொண்டு போய்விட்டார்.

சண்டைக் காலத்தில் ஐஸ் போடுவது லேசான வேலையில்லை. டீசலுக்கு அரசாங்கக் கச்சேரியில் பெர்மிட் எடுக்க வேண்டும். கரண்ட் வரும், போகும். கடலுக்குப் போகிறவர்களுக்கு நேவி பாஸ் கொடுத்தால்தான் மீன். மீன் வந்தாலும் லொறி மதவாச்சிச் சோதனைச் சாவடியில் நிற்கும். பெட்டிகளை இறக்கி, திறந்து காட்டி, வேறு லொறியில் ஏற்ற வேண்டும். வெயிலில் ஐஸ் கரைந்து தார் றோட்டில் ஓடும். அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பெட்டிக்குள் மீன் எந்த நிலையில் கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். கொழும்பு முதலாளிமார் என் பெட்டி என்றால் மூடி திறக்காமல் வாங்கினார்கள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என் பேரனுடைய உயிர் உறைந்த பையொன்றை நம்பி நின்றபோது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஐஸ் விஷயத்தில் வாய் மூடி எனக்குப் பழக்கமில்லை.

என் ஒரே மகள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனாள். அங்கே முதற்பிள்ளை, பெண்பிள்ளை, பிறந்த கிழமை ரெலிபோன் எடுத்தாள்.

“அப்பா, பிள்ளையின்ர தொப்புள்கொடியில இருந்த இரத்தத்தை எடுத்து உறைய வைச்சிருக்கிறம்.”

“ஏன், விக்கப் போறியளோ?”

“பகிடி விடாதேங்கோ. கொடியை வெட்டினாப் பிறகு அதுக்குள்ள கொஞ்ச இரத்தம் மிஞ்சும். அதை ஊசியால எடுக்கிறவை. பின்னடிக்கு வீட்டில ஆருக்கும் இரத்தத்தில வருத்தம் வந்தா உதவுமாம்.”

“நாங்கள் பிள்ளைக்குப் பின்னால வாற இளங்கொடியை வளவுக்குள்ள தாட்டுப்போட்டு மேல தென்னம்பிள்ளை வைக்கிற ஆக்கள். நீ அதை ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறாய்.”

“இளங்கொடி இல்லை அப்பா, இரத்தம். ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பையளவு.”

“மீனையே ரெண்டு கிழமைக்கு மேல நான் வைக்கிறேல்லை, பிள்ளை.”

அவள் சிரித்தாள். நானும் அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

பத்து வருடத்துக்கு மேல் போயிற்று. இரண்டாவதாக ஒரு பெடியன் பிறந்து நாலு வயதாயிருந்தான். அவனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். மருந்து கொடுத்து மாறியது என்றார்கள். என் மனைவி மடுமாதாவுக்கு நேர்த்திக்கடன் வைத்தாள். சண்டையால் மடுப் பாதை மூடிக் கிடந்தபடியால் அந்த நேர்த்தியைச் செலுத்தப் போக முடியவில்லை. அடுத்த வருடம் நோய் திரும்பி வந்தது.

மகள் காலையில்தான் எடுப்பாள். எங்கள் காலை அவர்களுடைய இரவு. அன்றைக்கு அவளுடைய குரல் கரகரத்திருந்தது. இரத்தம் ஊறுவது எலும்புக்குள் இருக்கும் மச்சையில். பேரனுடைய மச்சை கெட்டுவிட்டது. அதைக் கடும் மருந்தால் அடியோடு அழித்துவிட்டு, புது இரத்தம் ஊறச் செய்யும் கலங்களை வேறொருவரிடமிருந்து எடுத்து ஏற்ற வேண்டும். அவனுடைய அக்காவின் இரத்தம் அவனுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

“அந்தக் கலங்கள் அவளின்ர கொடி இரத்தத்தில இருக்கு, அப்பா. இரத்தமெல்லாம் அதில இருந்துதான் பெருகிறது. அவன் சின்னப் பிள்ளை, எடை குறைவு, அந்தப் பை காணும் எண்டு டொக்டர் சொல்லுறார். இல்லாட்டி அக்காவின்ர இடுப்பெலும்பில ஊசி குத்தி எடுக்கவேணும். அவளைக் குத்த எனக்கு மனமில்லை.”

இரத்தமெல்லாம் அதிலிருந்து பெருகுகிறது என்றதும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது: சினை. இரத்தத்தின் சினை. வயிறு நிறையச் சினையோடு எத்தனை அறக்குளா மீனை ஐஸில் வைத்து எடுத்திருப்பேன்!

“பிள்ளை, உறைஞ்ச சினை குஞ்சு பொரிச்சதை நான் என்ர சீவியத்தில காணேல்லை,” என்றேன். “பத்து வருஷம் உறைஞ்சு கிடந்ததைப் பிள்ளைக்கு ஏத்தப் போறியோ? பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும். உள்ளுக்குச் செத்துக் கிடக்கும். அக்காவிட்ட இருந்து உயிரோட எடு.”

அவள் மெல்லச் சொன்னாள்: “அவன்ர மச்சையை அழிச்சாப் பிறகு அந்தப் பையில உயிர் இல்லை எண்டு தெரிஞ்சா என்ன செய்யிறது, அப்பா? எனக்கு அந்தப் பயம்தான்.”

அவளுக்கு அந்தப் பயம் ஏற்கெனவே இருந்தது. நான் அதற்குக் காற்று ஊதினேன். ஆனால் சும்மா பேசுகிற ஆள் இல்லை நான். சொன்னதைச் செய்து காட்டுகிறவன்.

என் ஐஸ் தொட்டியில் மெசினைப் பார்த்தவர் மலைநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து பெருநிலப் பக்கம் குடியேறி, பிறகு வேலைக்காகத் தீவுக்குள் வந்தவர். நல்ல மனிதர். நான் ஏசினால் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆடு அடித்த இடத்தில் இரத்தம் வாங்கி, கட்டிபடாமல் ஒரு தடியால் கிண்டி, ஒரு தகரத்துக்குள் ஊற்றி அவரிடம் கொடுத்தேன்.

“இத என்னங்க மொதலாளி பண்ணப் போறோம்?”

“தொட்டிக்குள்ள கட்டித் தொங்கவிடும். உறையட்டும்.”

“ஐஸ் கட்டிக்குப் பக்கத்துலயா? மீன்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?”

“பேரனுக்காக.”

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கேட்காமல் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கம்பியில் கட்டி இறக்கினார். உப்புப் போட்ட தண்ணீர் உறையாது. அதன் குளிரில் தகரத்துக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் உறையும். இதுதான் ஐஸ் போடுகிற முறை. தொட்டித் தண்ணீர் சைபருக்குக் கீழே பத்துப் பாகைக் குளிரில் இருக்கும். இரத்தம் கல்லாயிற்று. ஒரு கிழமை கழித்து எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் வைத்து மெதுவாக இளக்கினேன். பக்கத்தில் ஒரு போத்தலில் அன்று அடித்த ஆட்டின் புது இரத்தம். புது இரத்தம் நேரம் போகச் சிவப்பெல்லாம் கீழே தங்கி, மேலே மஞ்சள் தண்ணீர் தெளிந்தது. உறைந்தது தெளியவே இல்லை. அடி முதல் நுனி வரை கொடிமுந்திரிகைப்பழச் சாறு மாதிரி ஒரே நிறம்.

“செத்திட்டுது,” என்றேன்.

“ஆமாங்க மொதலாளி,” என்றார் மெசின்காரர். “மத்த போத்தல்ல உள்ளத ஊத்திராதீங்க. வெங்காயம் போட்டு வறுத்துக்கிறேன்.”

அடுத்த நாளே மகளிடம் சொன்னேன். பார்த்ததைப் பார்த்தபடியே சொன்னேன், ஒன்றும் கூட்டவில்லை. அந்தப் பக்கம் அவள் அழுதாள். அழுதுகொண்டே, “அப்ப நான் அந்தப் பையை நம்பி இவ்வளவு காலம் இருந்தது பிழையோ?” என்று கேட்டாள். மருமகன் ரெலிபோனை வாங்கி, “மாமா, பிறகு கதைப்பம்,” என்று வைத்துவிட்டார். அவர் ஒருநாளும் என்னுடைய கதையை இடையில் நிறுத்தியதில்லை.

மனைவி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சோ? அந்தப் பிள்ளை ஊண் உறக்கம் இல்லாமக் கிடக்குது. நீங்கள் ஆட்டு இரத்தத்தைக் கொண்டந்து வைச்சுச் சாத்திரம் சொல்லுறியள்.”

“சாத்திரம் இல்லை. கண்ணால கண்டது.”

“பேரப்பிள்ளையும் பாரைமீனும் ஒண்டோ?”

“ஐஸுக்கு எல்லாம் ஒண்டுதான்.”

அவள் செபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டுத் தட்டால் மூடிவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்து மகள் எடுத்தாள். இந்த முறை குரலில் கண்ணீர் இல்லை. சின்ன வயதில் என்னோடு சண்டை பிடிக்க வரும்போது இருக்கிற குரல் இருந்தது.

“அப்பா, நான் சொல்லுறதை முழுக்கக் கேளுங்கோ. இடையில கதையாதேங்கோ.”

“சொல்லு.”

“கதையாதேங்கோ எண்டனான்.”

ஆட்டு இரத்தக் கதையை அவள் டொக்டரிடம் அப்படியே சொல்லியிருக்கிறாள். அந்த மனிதர் சிரிக்கவில்லையாம். உன்னுடைய அப்பா கண்டது சரி, வெறும் இரத்தத்தை அப்படி உறைய வைத்தால் அப்படித்தான் வரும் என்றாராம். கொடி இரத்தத்தை உறைய வைப்பதற்கு முதல் ஒரு மருந்து கலக்கிறார்கள். பிறகு பாகை பாகையாக, மிக மெதுவாகக் குளிராக்குகிறார்கள். அப்போது கலத்துக்குள் இருக்கிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துவிடும். ஐஸ் கலத்துக்கு வெளியே கட்டும். உள்ளே கட்டி அதைக் கிழிக்காது.

எனக்கு இதில் ஒரு விஷயம் பொறுக்கவில்லை. “மெதுவா உறைய வைச்சா ஐஸ் ஊசி ஊசியாப் பெரிசா வளரும், பிள்ளை. தசையைக் கிழிச்சுப் போடும். கெதியா உறைய வைக்கவேணும்.”

“அது மீனுக்கு. இதுக்கு மெதுவா. எல்லாம் தலைகீழ், அப்பா.”

“பிறகு?”

“பிறகு திரவ நைதரசனுக்க வைக்கிறவை. சைபருக்குக் கீழ நூற்றுத் தொண்ணூற்றாறு பாகை.”

நான் கதிரையில் போய் இருந்தேன். என் தொட்டியின் பத்துப் பாகையை வைத்துக்கொண்டு நான் இவ்வளவு காலமும் குளிர் என்று பேசியிருக்கிறேன். அப்படி ஒரு குளிர் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. ஆனால் குளிர் எவ்வளவாக இருந்தாலும் அது நிலையாக நிற்க வேண்டும். அதை எனக்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை. கரண்ட் நின்று, மீன் அரைவாசி இளகி, பிறகு ஜெனரேற்றர் போட்டுத் திரும்ப உறைந்தால் அந்த மீனை நாய்க்கும் போட முடியாது. சண்டைக் காலத்தில் எங்கள் மீன் கெட்டதெல்லாம் அப்படித்தான்.

“பத்து வருஷத்தில அங்க ஒருக்காலும் கரண்ட் நிக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“அதை நான் கேக்கேல்லை, அப்பா.”

“கேள். அதைத்தான் முதல் கேக்கவேணும்.”

கேட்டாள். அது கரண்டில் நிற்கிற குளிர் இல்லையாம். நைதரசன் தானாகவே அந்தக் குளிரில் இருக்கும். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பார்களாம். பை வைத்த நாளிலிருந்து குளிர் இறங்கி ஏறவில்லை என்று வைத்திருந்த இடத்தார் உறுதி சொன்னார்கள்.

“அந்தக் குளிரில ஒண்டும் அசையாதாம், அப்பா. ஒரு நாள் கிடந்தாலும் பத்து வருஷம் கிடந்தாலும் ஒண்டுதானாம். கெடுறதெண்டா உறையேக்க கெடும், இல்லாட்டி இளகேக்க கெடும். கிடக்கிறதால கெடுறது குறைவு.”

“ஆரும் அவ்வளவு காலம் வைச்சுப் பாத்தவையோ?”

“இதைவிடப் பழசையும் இளக்கிப் பாத்திருக்கினமாம். கனக்க உயிரோட இருந்ததாம். எண்டாலும் எல்லாப் பையும் ஒரே மாதிரி எண்டு சொல்லேலாது. அதுக்கு ஒரு வழி இருக்கு. பையோட சேர்த்து ஒரு குழாய் வால் மாதிரி உறைஞ்சு கிடக்கு. அதில ஒரு துண்டை மட்டும் வெட்டி இளக்கி, உயிர் இருக்கோ எண்டு பாக்கப்போகினம். பாக்கிறதுக்கு முதல் அவன்ர மச்சையைத் தொடமாட்டினம்.”

இதை முதலே சொல்லியிருந்தால் எனக்கு ஏன் ஆடு? மீனை வெட்டாமல் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை பேசுகிற மாதிரி. எனக்கு அந்த வேலை பிடித்தது. அவர்களும் தொழில் தெரிந்தவர்கள் என்று அப்போதுதான் மனம் ஒத்துக்கொண்டது.

அந்த வால்துண்டின் முடிவு வரும்வரை நான் தொட்டிப் பக்கம் போனேனே தவிர, வேலையில் மனம் நிற்கவில்லை. கொழும்புக்குப் போகவேண்டிய பெட்டியில் வேலையாட்கள் மேல் வரி ஐஸ் போட மறந்து மூடிவிட்டார்கள். அதைக்கூட நான் கவனிக்கவில்லை. மெசின்காரர்தான் ஓடி வந்து சொன்னார்.

முடிவு நல்லதாக வந்தது. கலங்கள் பெரும்பாலும் உயிரோடு இருந்தன. ஒரு சின்னத் தட்டில் வைத்து வளர்த்துப் பார்த்தபோது கூட்டம் கூட்டமாகப் பெருகினவாம். அவனுடைய எடைக்குப் போதும்.

“அப்ப சரி, ஏத்தச் சொல்லு,” என்றேன். கனடா டொக்டர் என் உத்தரவுக்குக் காத்திருந்த மாதிரித்தான் சொன்னேன். மகள் அன்று அதற்குக் குறுக்கே பேசவில்லை. “ஓம் அப்பா, சொல்லுறன்,” என்றாள்.

ஆனால் இன்னொரு சண்டை பாக்கி இருந்தது. எப்படி இளக்குவார்கள் என்று கேட்டேன்.

“கட்டிலடிக்குக் கொண்டு வந்து, உடம்புச் சூட்டில இருக்கிற தண்ணிக்குள்ள பையை வைச்சுக் கெதியா இளக்கிறவை. இளகின கையோட ஏத்திறவை.”

“சுடுதண்ணியிலயோ? பிள்ளை, மீனைச் சுடுதண்ணியில இளக்கினவனை நான் அண்டைக்கே வேலையால நிப்பாட்டினனான்!”

“அப்பா! மெதுவா இளகினா வழியில திரும்ப ஐஸ் ஊசி கட்டுமாம். அதுதான் கலத்தைக் கிழிக்குமாம். அதோட அந்த மருந்து குளிரில பாதுகாக்கும், இளகினாப் பிறகு கன நேரம் நிண்டா கலத்துக்குக் கூடாதாம்.”

நான் ஏச வாயெடுத்தேன். அதற்குள் என் மீன் பெட்டி நினைவுக்கு வந்தது. அரைகுறையாக இளகிக் கிடக்கிற பெட்டிக்குள் சின்ன ஊசிகள் கரைந்து பெரிய ஊசிகளோடு சேர்வதை நான் எத்தனை தரம் கண்டிருக்கிறேன். அந்த அரைகுறை இடத்தை நின்று நின்று கடந்தால்தான் ஆபத்து. ஓடிக் கடக்க வேண்டும். மீனுக்குத் தசை பெரிது, வெளியே இளகும்போது உள்ளே கல்லாக இருக்கும், அதனால் மெதுவாக. இந்தப் பை உள்ளங்கை அகலம்தான். எனக்கு ஒரே சொல்லில் விளங்கிவிட்டது. படித்த எத்தனை பேருக்கு இது ஒரே சொல்லில் விளங்கியிருக்கும் என்று மனைவியிடம் கேட்டேன். “உங்களுக்கு விளங்கிறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போச்சு,” என்றாள். ஆனால் அன்று சோறு அவளே போட்டுத் தந்தாள்.

பேரனுடைய மச்சையை மருந்தால் அழித்து, பையை ஏற்றிய நாள் மகள் சொன்னாள்: பையை இளக்கியதும் அறை முழுக்க உள்ளிப்பூண்டு மணம், அந்த மருந்தின் மணம். பிள்ளையின் மூச்சிலும் அதே மணம். அக்காக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றாளாம். அவள் பிறந்த அன்று அவளுடைய உடம்பிலிருந்து வந்தது, பத்து வருடத்துக்கு மேல் அசையாமல் கிடந்துவிட்டு, தம்பியின் நெஞ்சில் பொருத்திய குழாய் வழியே உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகுதான் பெரிய காத்திருப்பு. கொடி இரத்தம் எலும்பில் போய் இருந்து பெருகத் தொடங்க நாள் எடுக்குமாம். மச்சையிலிருந்து நேரே எடுத்ததைவிடக் கூட நாள். அதுவரை பிள்ளைக்குச் சொந்த இரத்தம் ஊறாது. ஒரு தடிமன் வந்தாலும் தாங்காது. இந்த நேரம் பார்த்துப் பெருநிலப் பக்கம் சண்டை இறுகியது. செல் விழுந்து வெடிக்கிற சத்தத்தில் வீட்டு ஓடு அதிரும். கைத்தொலைபேசிகளை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டு லைனும் செத்தது. கோயில் சுவாமி இருக்கிற பங்குமனை லைன் மட்டும் சில நாள் உயிரோடு, சில நாள் இல்லை.

மனைவி காலைப் பூசைக்குப் போய், பூசை முடிந்தும் பங்குமனை வாசலில் நின்றுகொண்டிருப்பாள். நான் பூசைக்குப் பெரிதாகப் போகிறவனில்லை. அந்த நாட்களில் போனேன். எவரும் ஒன்றும் கேட்கவில்லை. கரையில் வள்ளம் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டி மட்டும், “என்ன, ஐஸ்காரருக்கும் இப்ப கடவுள் தேவைப்படுதோ?” என்றார். வேறு நாளென்றால் பதில் கொடுத்திருப்பேன். “ஓம்,” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோளில் கையை வைத்தார். அவருடைய இரண்டு பிள்ளைகள் கடலுக்கு அக்கரையில் அகதி முகாமில் இருந்தார்கள்.

ஒரு காலை, பூசை முடிந்து சனம் கலைகிற நேரம், கோயில் மூப்பர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். “கெதியா வாங்கோ, கனடா லைனில நிக்குது!” என் மனைவி ஓடியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. சுவாமி ரெலிபோனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்பா,” என்றாள் மகள். “வந்திட்டுது. வெள்ளைக் கலம் ஏறத் தொடங்கிட்டுது. நேற்றும் ஏறினது, இண்டைக்கும் ஏறியிருக்கு. அவையள் இன்னும் கன நாள் கவனமாப் பாக்கவேணும் எண்டுதான் சொல்லுகினம். ஆனா ஊறுது, அப்பா.”

மனைவி என் கையிலிருந்து ரெலிபோனை இழுத்து, “பிள்ளை, அவன் சாப்பிடுறானோ?” என்றாள்.

“கொஞ்சம் கொஞ்சம். நில்லுங்கோ, ரெண்டு பேரும் இஞ்சதான் நிக்கினம். அக்காவை இண்டைக்குத்தான் உள்ள விட்டவை.”

இருவரும் காதை ஒட்டி வைத்துக் கேட்டோம். முதலில் பேத்தியின் குரல், கனடாத் தமிழில், ஒரு சொல் ஏறி ஒரு சொல் இறங்கி:

“அம்மம்மா, இனி இவனுக்கு என்ர ப்ளட் குறூப்தான் வருமாம். டொக்டர் சொன்னவர். உள்ள முழுக்க நான்தான். இனிமேல் நான் சொல்லுறதைத்தான் இவன் கேக்கவேணும்!”

அதற்குப் பின்னால், தொண்டை புண்ணாகிய பிள்ளை கத்துகிற கத்து, கடல் தாண்டி வந்தது:

“ஏலாது! ஏலாது! ஏலாது!”

மாதக் கணக்கில் அவனுடைய முனகலைத்தான் நாங்கள் கேட்டிருந்தோம். “இன்னொருக்காச் சொல்லச் சொல்லு,” என்றேன் நான். லைன் அறுந்துவிட்டது. நான் ரெலிபோனை வைக்காமல் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். சுவாமியும் அதைக் கேட்டு வாங்கவில்லை.